சாவிக்கொத்தில் தொங்கும் ஹெடி லமார்

உங்க வண்டிச் சாவியை எடுத்துப் பாருங்க. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிசா ஒரு வட்ட வில்லை அதில் தொங்குதா? இல்லைன்னா பக்கத்து பெஞ்ச்சில் யாராவது ஒருத்தர் வெச்சிருப்பாங்க. ஏர்டேக், ஸ்மார்ட்டேக், டைல்னு பல பேர்ல விக்குது. சாவியைக் காணோம்னா போனில் ஒரு பட்டனை அழுத்தினா போதும், மெத்தைக்கு அடியிலிருந்து கீச்சுனு சத்தம் வரும். சிலர் பையில் போட்டு வெச்சிருக்காங்க, சிலர் நாய்க்குட்டியின் கழுத்துப் பட்டையில். மாலில் நிறுத்திய காரை மூணு மாடி ஏறி இறங்கித் தேடி அலுத்தவங்க டேஷ்போர்டுக்குள்ளேயும் வெச்சிருக்காங்க.

இந்த வில்லைக்கும் 1914-ல் வியன்னாவில் பிறந்த ஒரு நடிகைக்கும் சம்பந்தம் இருக்கு. நவம்பர் 9 வந்தா வாட்ஸப்பில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சுத்தும், பார்த்திருப்பீங்க. ப்ளூடூத், வைஃபை, ஜிபிஎஸ் மூணையும் கண்டுபிடிச்சவர் இவர்தான்னு கீழே ஒரு வரி இருக்கும். அந்த வரியில் பாதிக்கு மேல் தப்பு. ஆனா அந்தப் படத்தில் இருக்கும் ஹெடி லமாரின் உண்மைக் கதை, அந்த ஃபார்வர்டைவிட ரொம்ப நல்லா இருக்கும்.

அப்பா அம்மா வெச்ச பெயர் ஹெட்விக் ஈவா மரியா கீஸ்லர். யூத வம்சாவளிக் குடும்பம். அப்பா எமில் வங்கியில் உயர்ந்த பதவியில் இருந்தவர், அம்மா கெர்ட்ரூட் பியானோ கலைஞர். அப்பாவும் மகளும் நடக்கப் போவாங்க. வழியில் டிராம் எப்படி ஓடுது, அச்சு இயந்திரம் எப்படி வேலை செய்யுதுன்னு அவர் விளக்கிக்கிட்டே வருவார். ஐந்து வயசில் அந்தப் பொண்ணு தன்னுடைய மியூசிக் பாக்ஸைக் கழட்டி, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்துட்டுத் திரும்பவும் மாட்டினாளாம். கழட்டுறது நம்ம எல்லாருக்கும் வரும். திரும்ப மாட்டுறதில்தான் விஷயம் இருக்கு, நம்ம லேப் அசிஸ்டென்ட்டைக் கேட்டா சொல்வார்.

பொறியியல் எதுவும் அவர் படிக்கவில்லை. பதினாறு, பதினேழு வயதிலேயே சினிமாவுக்குப் போய்விட்டார். 1933-ல் வெளியான எக்ஸ்டசி என்ற செக் நாட்டுப் படத்தில் சில நொடிகள் ஆடையில்லாமல் தோன்றினார். ஐரோப்பா முழுக்க அதுதான் பேச்சு. அந்தச் சில நொடிகள் வாழ்நாள் முழுக்க அவரைத் துரத்தின.

அதே வருடம் ஆகஸ்டில் ஃப்ரிட்ஸ் மாண்டலைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆஸ்திரியாவின் மிகப் பெரிய ஆயுத வியாபாரிகளில் ஒருவர். ஹெடிக்கு 18 வயசு, அவருக்கு 33. மாண்டல் செய்த முதல் காரியங்களில் ஒன்று, எக்ஸ்டசி படத்தின் பிரதிகளை எல்லாம் தேடித் தேடி விலைக்கு வாங்கி ஒழிக்கப் பார்த்தது. முடியல. அடுத்தது மனைவியின் நடிப்பை நிறுத்தினார். எங்கே போறா, யாரோட பேசுறா எல்லாம் அவர் கண்காணிப்பில். மாளிகை, நகை, கார் எல்லாம் இருந்தும் ஒரு கைதியைப் போலத்தான் இருந்ததாக ஹெடி பின்னாளில் சொன்னார். இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

அந்த வீட்டு விருந்துகளுக்கு ராணுவ அதிகாரிகளும் ஆயுதம் வாங்க வந்தவங்களும் வருவாங்க. பேச்சு எல்லாம் குண்டு, டார்பிடோ, அதை எப்படிக் குறி தவறாமல் ஓட்டுவது என்பதைப் பற்றி. மேஜையில் அழகுக்காக உட்கார வைக்கப்பட்ட பொண்ணுக்கு இதெல்லாம் எங்கே புரியப் போகுதுன்னு அவங்க நினைச்சிருக்கணும். அவளோ எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தாள்.

1937-ல் அந்த வீட்டை விட்டுத் தப்பினார். முதலில் பாரிஸ், பிறகு லண்டன். லண்டனில் எம்ஜிஎம் ஸ்டுடியோவின் முதலாளி லூயி பி. மேயரைச் சந்தித்தார். மேயர் சொன்ன சம்பளம் குறைவு, வேண்டாம்னுட்டார். ஆனால் மேயர் அமெரிக்கா திரும்பிய அதே நார்மண்டி கப்பலில் டிக்கெட் போட்டு ஏறினார். கப்பல் கரை சேர்றதுக்குள் வாரம் 500 டாலர் ஒப்பந்தம் கையில். நம்ம பிளேஸ்மென்ட் செல்லில் இப்படி ஒருத்தர் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்! லமார் என்ற பெயரும் அப்போது வந்ததுதான், மௌனப் பட நடிகை பார்பரா லமாரின் நினைவாக.

1938-ல் அல்ஜியர்ஸ் படம் வந்தது, ஒரே படத்தில் நட்சத்திரம். உலகத்திலேயே அழகான பெண் என்று ஸ்டுடியோ விளம்பரம் செய்தது. நடிக்கக் கிடைத்ததோ பெரும்பாலும் அழகாக நிற்கும் வேடங்கள். விருந்துகளும் குடியும் அவருக்குப் பிடிக்கல. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் வரைபட மேஜை, ஸ்கேல், பென்சில். தண்ணீரில் போட்டால் கோலாவாக மாறும் மாத்திரை ஒன்று செய்து பார்த்தார். விமான முதலாளி ஹோவர்ட் ஹியூஸ் இரண்டு வேதியியலாளர்களை உதவிக்குக் கொடுத்தும் அது தேறவில்லை.

அடுத்த யோசனை அப்படிப் போகவில்லை. 1940 செப்டம்பர் 17. லிவர்பூலிலிருந்து கனடாவுக்குப் போன சிட்டி ஆஃப் பெனாரஸ் என்ற பயணிகள் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று டார்பிடோவால் மூழ்கடித்தது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காக அனுப்பப்பட்ட 90 குழந்தைகள் அதில் இருந்தார்கள். 77 பேர் இறந்தார்கள். நாஜிகளின் பிடியில் இருந்த ஊரிலிருந்து வந்தவர் ஹெடி. சினிமாவை விட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த ஆயுத விஷயங்களை அமெரிக்காவுக்குச் சொல்லப் போய்விடலாமா என்று அப்போது யோசித்தார்.

இப்போ கொஞ்சம் கம்யூனிகேஷன் பாடம். டார்பிடோவை ரேடியோவால் திருப்பலாம் என்பது பழைய யோசனை. கப்பலிலிருந்து இடது, வலது என்று சிக்னல் அனுப்பினால் அது திரும்பும். பிரச்சினை என்னன்னா, எதிரி உங்க ஃப்ரீக்வென்சியைக் கண்டுபிடிச்சுட்டா அதே ஃப்ரீக்வென்சியில் இரைச்சலைக் கொட்டுவான். அவ்வளவுதான், டார்பிடோவின் காது அடைஞ்சுபோகும். ஹெடி யோசித்தது இப்படி: அனுப்புறவனும் வாங்குறவனும் ஒரே நேரத்தில் ஃப்ரீக்வென்சியை மாத்திக்கிட்டே இருந்தால்? எதிரி ஒன்றைப் பிடிக்கிறதுக்குள் அவங்க வேறொன்றுக்குத் தாவியிருப்பாங்க. எந்த வரிசையில் தாவணும் என்பது அந்த ரெண்டு பேருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

சரி, கப்பலும் கடலுக்குள் ஓடும் டார்பிடோவும் ஒரே தாளத்தில் தாவ வேண்டுமே, எப்படி? இங்கேதான் ஜார்ஜ் ஆன்டைல் வருகிறார். அவர் ஓர் இசையமைப்பாளர். துளை போட்ட காகிதச் சுருள் ஓட ஓடத் தானே வாசிக்கும் பியானோக்களை வைத்து, பாலே மெக்கானிக் என்ற இசையை எழுதியவர். 16 பியானோக்களை ஒன்றாக ஓட்ட ஆசைப்பட்டு, அவற்றை ஒத்திசைக்க முடியாமல் திண்டாடியவர். ரெண்டு இயந்திரம் ஒரே தாளத்தில் ஓடுவது எவ்வளவு கஷ்டம்னு அவரைவிட யாருக்குத் தெரியும்?

ரெண்டு பேரும் சேர்ந்து கண்ட வழி எளிமையானது. ஒரே மாதிரி துளையிட்ட ரெண்டு காகிதச் சுருள். ஒன்று கப்பலில், இன்னொன்று டார்பிடோவில். ஏவும் நொடியில் ரெண்டும் ஒன்றாகச் சுற்றத் தொடங்கும். துளை மாற மாற ஃப்ரீக்வென்சி மாறும். பியானோவில் 88 கட்டைகள், அதனால் 88 ஃப்ரீக்வென்சிகள் வரை போகலாம். காப்புரிமையில் இன்னொரு குறும்பும் உண்டு. அதிலுள்ள எடுத்துக்காட்டில் கப்பல் ஏழு சேனல்களில் அனுப்பும், டார்பிடோ நான்கில் மட்டும் கேட்கும். மீதி மூன்று எதிரியை ஏமாற்ற. கால்டெக் பேராசிரியர் சாமுவேல் மெக்கியோன் மின்னணு விவரங்களில் உதவினார்.

1941 ஜூன் 10 அன்று விண்ணப்பித்தார்கள். 1942 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்கக் காப்புரிமை எண் 2,292,387 கிடைத்தது. அதில் ஹெடி லமார் என்று தேடினால் கிடைக்காது. அப்போதைய கல்யாணப் பெயரில், ஹெடி கீஸ்லர் மார்க்கி என்றுதான் இருக்கும். கூகுள் பேடன்ட்ஸில் இலவசமாகப் படிக்கலாம். சில பக்கங்கள்தான், நம்ம ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டைவிடத் தெளிவா இருக்கு.

கடற்படை வேண்டாம் என்றது. கருவி பெரிசா இருக்கும், டார்பிடோவில் அடங்காது என்பது காரணம். கைக்கடிகாரத்துக்குள்ளேயே அடங்கும்படி செய்யலாமே என்று ஆன்டைல் புலம்பினார். பியானோ என்ற சொல்லைக் கேட்டதுமே அதிகாரிகள் ஒரு முழுப் பியானோவை டார்பிடோவுக்குள் திணிப்பதாகக் கற்பனை செய்துகொண்டார்கள் என்பது அவருடைய வருத்தம். ஹெடி போர்க்கடன் பத்திரம் விற்கும் மேடைகளில் ஏறினார், பெரும் தொகை திரட்டினார். அவருடைய மூளையை எடுத்துக்கொள்ளாத நாடு அவருடைய முகத்தை எடுத்துக்கொண்டது. எனக்கு இந்தக் கதையில் ரொம்பக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஆன்டைல் 1959 பிப்ரவரியில் இறந்தார். அதே வருடம் காப்புரிமையும் காலாவதியானது. ரெண்டு பேருக்கும் அதிலிருந்து ஒரு பைசா வரல.

அப்போ ப்ளூடூத் அவர் கண்டுபிடிச்சதா? இல்லை. ஃப்ரீக்வென்சி தாவுதல் என்ற யோசனைகூட முழுக்க அவருக்கு மட்டும் சொந்தமில்லை. ஜெர்மன் இயற்பியலாளர் யோனத்தான் சென்னெக் 1908-ல் எழுதிய வயர்லெஸ் புத்தகத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு உண்டு. 1932-ல் வில்லெம் ப்ரோர்ட்யெஸ் என்பவர் இதேபோன்ற ஒரு காப்புரிமை வாங்கியிருக்கிறார். பிறகு 1985-ல் அமெரிக்காவின் எஃப்சிசி, 2.4 கிகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் லைசென்ஸ் இல்லாமல் ஸ்ப்ரெட் ஸ்பெக்ட்ரம் பயன்படுத்த அனுமதி தந்தது. 1994-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில், எரிக்சன் நிறுவனத்தில் யாப் ஹார்ட்சன் ப்ளூடூத்துக்கான வேலையைத் தொடங்கினார். அந்தப் பழைய ப்ளூடூத் 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை தாவும். ஜிபிஎஸ்ஸில் தாவுதலே கிடையாது, அது டைரக்ட் சீக்வென்ஸ் முறை. ஃபார்வர்ட் அனுப்பின மாமாவிடம் வைவா மாதிரி கேட்டுப் பாருங்க.

இதையெல்லாம் சொன்னதால் ஹெடி சின்னவராகிவிடவில்லை. மத்தவங்க எழுதி வைத்த யோசனையை அறியாமல், கல்லூரி வாசல் மிதிக்காமல், ஷூட்டிங் முடிந்த சாயங்காலங்களில் ஒருத்தர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்து, அதை ஓட வைக்க ஒரு வழியும் சொல்லியிருக்கிறார். அது போதும், மிகைப்படுத்தணும்னு அவசியமே இல்ல.

இனி உங்க சாவி வில்லைக்குள் போவோம். அதில் ஜிபிஎஸ் கிடையாது, சிம் கிடையாது. முக்கியமா இருப்பது ஒரு பட்டன் பேட்டரியும் ப்ளூடூத் லோ எனர்ஜி சிப்பும்தான். சும்மா இருக்கும்போது அது மூன்று நிரந்தர சேனல்களில், 2402, 2426, 2480 மெகாஹெர்ட்ஸில், நான் இங்கே இருக்கேன்னு விட்டு விட்டுக் கத்தும். யார் வேணும்னாலும் கேட்கணும்னா தாவக் கூடாது, தெரிஞ்ச இடத்தில் நின்னு கத்தணும். அந்த வழியே போகும் யாரோ ஒருவருடைய போன் அதைக் கேட்டு, தன்னுடைய ஜிபிஎஸ் இருப்பிடத்தைப் பூட்டிய கடிதமாக சர்வருக்கு அனுப்பும். அதைத் திறக்கும் சாவி உங்க போனில் மட்டும். அதனால்தான் ஆள் நடமாட்டமுள்ள பஸ் ஸ்டாண்டில் இது கில்லாடி, ஆளில்லாத தோப்பில் பூனையைத் தேடினால் பிரயோஜனமில்லை. (நாய்க்கு மாட்டினா கடிச்சு பேட்டரியை முழுங்காத மாதிரி மாட்டுங்க, பட்டன் பேட்டரி குடலைப் புண்ணாக்கிடும்.)

சத்தம் எழுப்பு என்று நீங்க அழுத்தும் நொடியில் கதை மாறும். போனும் வில்லையும் இணைப்புக்குள் வரும். உடனே மீதி 37 சேனல்களில், ரெண்டும் ஒத்துக்கொண்ட ஒரு வரிசையில் தாவத் தொடங்கும். காகிதச் சுருள் இடத்தில் இப்போ ஓர் எண். மத்தபடி கப்பலும் டார்பிடோவும்தான். ஹாஸ்டலில் முப்பது வைஃபை, ஐம்பது இயர்பட்ஸ் இரைச்சலுக்கு நடுவிலும் உங்க சாவி பதில் சொல்வது அதனால்தான்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. வில்லை ஒரே பெயரில் கத்திக்கொண்டே இருந்தால், அதை வைத்தே யாரும் உங்களைப் பின்தொடரலாம். அதனால் அது தன் அடையாளத்தை மாத்திக்கிட்டே இருக்கும். அடுத்த பெயர் என்னன்னு உங்க போனுக்கு மட்டும் தெரியும், ஏன்னா ரெண்டிலும் ஒரே ரகசியம் இருக்கு. ஒரே மாதிரி துளையிட்ட ரெண்டு சுருள் மாதிரி.

நான் ஞாபகம் வெச்சுக்கச் சொன்ன வியன்னா வீட்டுக்கு இப்போ திரும்புங்க. இந்த வில்லையை உங்க சாவியில் மாட்டாமல், ஒரு பெண்ணின் கைப்பைக்குள் அவருக்குத் தெரியாமல் ஒருத்தன் போட்டால்? 2021-ல் ஏர்டேக் வந்த சில மாதங்களிலேயே இது நடக்கத் தொடங்கியது. முன்னாள் கணவன், காதலன், யாரென்றே தெரியாதவன் என்று பலர் மேல் போலீஸ் புகார்கள் போயின. மாண்டலுக்கு மனைவியைக் கண்காணிக்க ஒரு மாளிகையும் வேலைக்காரர்களும் தேவைப்பட்டாங்க. இப்போ மூவாயிரம் ரூபாய் போதும்.

பொறியியலாளரா இங்கே உங்களுக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கு. உரிமையாளரைக் காக்கத்தான் அடையாளத்தை மாற்றினோம். ஆனால் அடையாளம் மாறிக்கொண்டே இருந்தால், காலையிலிருந்து ஒரே வில்லைதான் கூட வருதுன்னு பாதிக்கப்பட்டவரின் போனுக்கு எப்படித் தெரியும்? எதிரியை ஏமாற்றச் செய்த தாவல், உதவி வேண்டியவரையும் ஏமாற்றும். ஆப்பிளும் கூகுளும் சேர்ந்து எடுத்த முடிவு இது: உரிமையாளர் அருகில் இருக்கும்போது வில்லை சில நிமிடங்களுக்கு ஒருமுறை பெயர் மாற்றும், அவரைப் பிரிந்திருந்தால் 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். அந்த ஒரு நாளுக்குள் உடன் வரும் போன் அதைக் கவனித்து எச்சரிக்கும். 2024 மே முதல் ஐபோன், ஆண்ட்ராய்டு ரெண்டிலும் இது வேலை செய்கிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. உங்க பைக்கைத் திருடினவன் போனிலும் அதே எச்சரிக்கை வரும், வில்லையைத் தேடித் தூக்கி எறிவான். நிறைய பேர் இதைக் குறையாகச் சொல்றாங்க. என் கட்சி வேற. பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு. ஆண்ட்ராய்டு வெச்சிருக்கவங்க செட்டிங்ஸில் பாதுகாப்பும் அவசர உதவியும் இருக்கும் பகுதியில், தெரியாத டிராக்கர் எச்சரிக்கை ஆன் ஆகியிருக்கான்னு இப்பவே ஒரு தடவை பாருங்க. வீட்டில் அக்கா, அம்மா போனிலும்.

ஹெடியின் பின்னாள் வாழ்க்கை அவ்வளவு சந்தோஷமா இல்ல. 1949-ல் சாம்சன் அண்ட் டிலைலா பெரிய வெற்றி, அதற்குப் பிறகு இறக்கம். ஆறு கல்யாணம், ஆறும் விவாகரத்து. கடையில் திருடியதாக ரெண்டு முறை கைதானார், பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கடைசிக் காலத்தில் புளோரிடாவில் யாரையும் பார்க்காமல் இருந்தார், பேச்செல்லாம் பெரும்பாலும் போனில்.

1997-ல் எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் ஹெடிக்கும் ஆன்டைலுக்கும் முன்னோடி விருது கொடுத்தது. அவருக்கு 82 வயசு, மேடைக்கு வரவில்லை. மகன் ஆன்டனி போய் வாங்கினார். 2000 ஜனவரி 19 அன்று இறந்தார். சாம்பலில் ஒரு பகுதியை, அவர் ஆசைப்படி மகன் வியன்னாக் காட்டில் தூவினார். மீதி 2014-ல் வியன்னா மத்தியக் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர் பட்டியலில் அவர் பெயர் ஏறியதும் அதே வருடம்தான்.